மார்கழி சீசனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை சென்னையில் எந்த நாளைத் தொட்டாலும் கர்நாடக இசைக் கச்சேரிதான். காலை எட்டு மணிக்கே ஒரு மேடையில் தம்புரா மீட்டத் தொடங்கிவிடுவார்கள். இரவு ஒன்பதரைக்கு இன்னொரு மேடையில் மங்களம் பாடுவார்கள். நடுவில் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர், பாரிமுனை, திருவான்மியூர் என்று ஊர் முழுக்க நிகழ்ச்சிகள். வேலைக்கோ படிப்புக்கோ இந்த ஊருக்கு வந்துவிட்டு, "சீசன் சீசன் என்கிறார்களே, நாமும் ஒரு நாள் போய்ப் பார்ப்போமே" என்று நினைப்பவரை முதலில் மிரட்டுவதே இந்த ஏராளம்தான். எங்கே போவது? டிக்கெட் கிடைக்குமா? ராகம் தெரியாமல் போய் உட்கார்ந்தால் யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்களா?

பார்க்க மாட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரருக்கே பாதி ராகம் சந்தேகமாகத்தான் இருக்கும். முதல் வருஷம் வருகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: பெரிய பெயர்களைத் துரத்தாதீர்கள். மத்தியானக் கச்சேரிகளில் தொடங்குங்கள். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதோடு சேர்த்து ஓர் அகில இந்திய இசை மாநாடும் கூடியது. அதன் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அகாடமி டிசம்பரில் விழா நடத்த, கச்சேரி நடத்தும் மற்ற அமைப்புகளான சபாக்களும் அதே மாதத்தைப் பிடித்துக்கொண்டன. வெயில் தணிந்த மாதம், பள்ளி விடுமுறை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும் நேரம், எல்லாம் தோதாக அமைந்தது. 2017-இல் யுனெஸ்கோ தன் படைப்பு நகரங்களின் பட்டியலில் சென்னையை இசைக்காகச் சேர்த்தது.

முதலில் பட்டியல்

நவம்பர் கடைசியிலேயே சபாக்கள் தங்கள் நிகழ்ச்சி நிரலை வெளியிடத் தொடங்கும். ஒவ்வொரு சபாவின் தளத்துக்கும் போய்த் தேடுவது வீண் அலைச்சல். எல்லாச் சபாக்களின் நிரலையும் ஒரே இடத்தில் தொகுத்துத் தரும் கச்சேரிபஸ் மாதிரி தளங்கள் இருக்கின்றன. நாளிதழ்களில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' வரும். மயிலாப்பூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அதுகூடத் தேவையில்லை, சபா வாசலில் தொங்கும் பேனரே போதும். ஒன்று கவனிக்க வேண்டும்: நிரல் கடைசி நேரத்தில் மாறும். டிசம்பர்ப் பனியில் தொண்டை கட்டாத பாடகர் அபூர்வம். கிளம்புவதற்கு முன் அன்றைய தேதிக்கு ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

நிரலைப் படிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். முதலில் இருக்கும் பெயர் பிரதானக் கலைஞர்: பாட்டு, வயலின், வீணை, புல்லாங்குழல் என்று எதுவாகவும் இருக்கலாம். அடுத்து வருபவர்கள் பக்கவாத்தியம், அதாவது வயலினும் மிருதங்கமும். அதற்கும் அடுத்து கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது உபபக்கவாத்தியம். பழைய ரசிகர்கள் பாடகர் பெயரைத் தாண்டி, மிருதங்கம் யார் என்று பார்த்துத்தான் சபாவைத் தேர்ந்தெடுப்பார்கள். நீங்கள் அந்த நிலைக்கு வர நாலைந்து சீசன் ஆகட்டும், அவசரமில்லை.

எந்த நேரம், எந்தக் கச்சேரி

பெயரை விட நேரம்தான் முக்கியம். சபாவுக்குச் சபா கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பொதுவாக ஒரு நாள் இப்படிப் போகும்: காலையில் உரை அல்லது சொற்பொழிவு, பன்னிரண்டு மணி வாக்கிலும் இரண்டு மணி வாக்கிலும் இளையவர்களின் கச்சேரி, நாலு மணிக்கு ஓரளவு பெயர் வாங்கியவர்கள், ஆறு மணிக்கு மேல் முன்னணிக் கலைஞர்கள். ஜூனியர், சப்-சீனியர், சீனியர் என்று ஸ்லாட் பிரித்து வைத்திருக்கிறார்கள். மதிய ஸ்லாட்டிலிருந்து மாலை ஸ்லாட்டுக்கு வர ஒரு கலைஞர் எத்தனையோ வருஷம் பாட வேண்டியிருக்கும்.

இந்த ஏணியின் கீழ்ப்படிதான் புதியவருக்கு லாபம். மதியக் கச்சேரிகள் பெரும்பாலான சபாக்களில் இலவசம். கூட்டம் இருக்காது, முதல் சில வரிசைகளிலேயே உட்காரலாம். வயலின்காரர் பாடகரின் வாயைப் பார்த்தபடி அவர் பாடியதை ஒரு நொடி பின்னால் வாசித்துக்கொண்டே வருவது, மிருதங்கக்காரர் கண்ணாலேயே 'சரி, முடிச்சுக்கலாம்' என்று சைகை காட்டுவது எல்லாம் பால்கனியிலிருந்து தெரியாது. தவிர, மதியம் பாடுகிற பையனுக்கும் பெண்ணுக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் அந்த வருஷத்துப் பரீட்சை. உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள். நிரம்பி வழியும் மாலைக் கச்சேரியைவிட இருபது பேர் கேட்கும் மதியக் கச்சேரி நன்றாக அமைந்துவிடுவது ஒன்றும் அதிசயமில்லை. பிடிக்கவில்லையா, எழுந்து வந்துவிடலாம். காசும் போகாது.

காலை உரைகளையும் விட்டுவிடாதீர்கள். மியூசிக் அகாடமியில் காலை எட்டு மணியளவில் நடக்கும் செயல்முறை விளக்க உரையை எல்லோரும் 'லெக்-டெம்' என்றுதான் சொல்வார்கள். அகாடமியின் 'சங்கீத கலாநிதி' விருதுக்கு அந்த வருஷம் தேர்வானவர்தான் இதற்குத் தலைமை வகிப்பார். ஒரு ராகத்தின் ஒரு பிரயோகம், அதாவது ஸ்வரங்கள் சேரும் ஒரு விதம், பழைய பாட்டில் எப்படி இருந்தது என்று ஒருவர் பாடிக் காட்டுவார். பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து 'எங்க பாடாந்தரத்துல அப்படி இல்லை' என்பார் (குரு வழியாக வந்த பாடம்தான் பாடாந்தரம்). பாதி விஷயம் புரியாவிட்டாலும் இந்த வாதங்களைக் கேட்பதே ஒரு ருசி. இதற்கும் டிக்கெட் கிடையாது.

டிக்கெட்

மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட் வேண்டும். பெரிய சபாக்களில் நல்ல இருக்கைகளில் பெரும்பங்கு உறுப்பினர்களுக்கும் சீசன் டிக்கெட்காரர்களுக்கும் போய்விடும். மிச்சம் இருப்பதுதான் தினசரி டிக்கெட். சில சபாக்கள் ஆன்லைனில் விற்கின்றன. சில இடங்களில் அன்று காலை கவுன்டரில் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். கையில் ரொக்கம் கொஞ்சம் வைத்துக்கொள்வது நல்லது. முதல் வரிசைக்கும் மாடிக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். இசைக்கு மட்டும் என்றால் மாடியே போதும். நாட்டியத்துக்குப் போகும்போது மட்டும் கொஞ்சம் முன்னால் வாங்குங்கள், பின்னால் உட்கார்ந்தால் அபிநயம் தெரியாது.

'ஹவுஸ்ஃபுல்' என்று பலகை வைத்திருந்தாலும் மனம் தளர வேண்டாம். பாஸ் வைத்திருந்தும் வராதவர்கள் எப்போதும் உண்டு. வாசலில் நின்றால் கூடுதலாக இருக்கும் டிக்கெட்டை யாராவது ஒரு மாமா விலைக்கே கொடுத்துவிட்டுப் போவார். கிடைக்காவிட்டால் பக்கத்துச் சபாவுக்கு நடையைக் கட்டுங்கள்.

ஒரு நாளுக்கு ஒரு வட்டாரம்

புதியவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: நாலு மணிக்குத் தி. நகர், ஆறரைக்குத் திருவான்மியூர். காகிதத்தில் முடியும், டிசம்பர் மாலைப் போக்குவரத்தில் முடியாது. மெட்ரோ வேலைக்காகச் சாலைகளைத் தோண்டிப் போட்டிருக்கும் இடங்களில் ஆட்டோக்காரர்களே தயங்குகிறார்கள். அதனால் ஒரு நாளைக்கு ஒரு வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டி.டி.கே. சாலை ஒரு வட்டாரம். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் இதே சாலையில்தான், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். மெட்ரோவில் வருகிறவர்கள் தேனாம்பேட்டையிலோ ஏ.ஜி.-டி.எம்.எஸ்.ஸிலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

மயிலாப்பூர் அடுத்தது. பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கிவிட்டால் ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், லஸ் அவென்யூவில் நாகேஸ்வர ராவ் பூங்கா பக்கம் இருக்கும் ராகசுதா அரங்கம் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரம். ராகசுதா மாதிரிச் சின்ன அரங்கங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பெரிய மண்டபத்தில் ஒலிபெருக்கி அளவுக்கு மீறி அலறும். சின்ன அரங்கத்தில் வயலினின் வில் தந்தியைத் தொடும் ஓசைகூடக் கேட்கும். முதல் கச்சேரிக்கு எந்த அரங்கம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சின்ன அரங்கத்தைத்தான் சொல்வேன்.

தி. நகரில் வாணி மகால், கிருஷ்ண கான சபா, பாரத் கலாச்சார். கிருஷ்ண கான சபா இருக்கும் சாலைக்கு மகாராஜபுரம் சந்தானம் பெயர், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கும் சாலைக்கு முசிறி சுப்பிரமணியம் பெயர். பாட்டுக்காரர் பெயரைச் சொல்லி ஆட்டோ கூப்பிடும் ஊர் வேறு எங்கே இருக்கிறதோ தெரியாது. ஓட்டுநர் பழைய ஆளாக இருந்தால் மட்டும் 'கிரிஃபித் ரோடு', 'ஆலிவர் ரோடு' என்று சொல்லிப் பாருங்கள்.

பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். இங்கே நடப்பது தமிழ் இசைச் சங்கத்தின் விழா. கச்சேரி மேடைகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும் கோலோச்சிய காலத்தில், தமிழ்ப் பாட்டுக்கென்று ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943-இல் தொடங்கிய சங்கம் இது. முழுக் கச்சேரியும் தமிழிலேயே இருக்கும். விழாவை ஒட்டித் தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டமும் நடக்கும். 'பாட்டு நல்லாத்தான் இருக்கு, வார்த்தைதான் புரியலை' என்று கச்சேரியிலிருந்து பாதியில் எழுந்து வருகிறவர்கள், தொடங்க வேண்டிய இடமே இதுதான்.

உள்ளே போன பிறகு

உடை விஷயத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. பட்டுப்புடவையும் மடிப்புக் கலையாத வேட்டியும் நிறையக் கண்ணில் படும், ஆனால் ஜீன்ஸைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. மறக்காமல் எடுத்துப்போக வேண்டியது ஒரு சால்வை. ஏசி குளிர் சில அரங்குகளில் கொடைக்கானல்தான். பை சின்னதாக இருக்கட்டும், மாதத்தின் முதல் பாதியில் குடையும் இருக்கட்டும், வடகிழக்குப் பருவமழை அத்தனை சீக்கிரம் விடைபெறாது. அலைபேசியை அமைதியாக்கிவிடுங்கள். பதிவு செய்ய எங்கும் அனுமதி இல்லை. தாமதமாக வந்தால் ஒரு பாட்டு முடியும் வரை கதவருகே நின்று, கைதட்டலின்போது உள்ளே நுழையுங்கள்.

சரி, மேடையில் என்ன நடக்கிறது? இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்பை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அநேகமாக ஒரு வர்ணத்தில் தொடங்கும். குரலுக்கும் கைக்கும் சூடு பிடிக்க அது. பிறகு சின்னதும் நடுத்தரமுமாகச் சில கீர்த்தனைகள். ஏதோ ஒரு கட்டத்தில் பாடகர் வார்த்தை எதுவும் இல்லாமல் 'த, ரி, நா' என்று ஒரு ராகத்தை விரிக்கத் தொடங்குவார், மிருதங்கம் ஓய்ந்திருக்கும். அது ஆலாபனை. அடுத்து வயலின் அதே ராகத்தைத் தன் வழியில் வாசிக்கும். பிறகு பாட்டு. பாட்டின் ஒரு வரியை மட்டும் எடுத்து வெவ்வேறு விதமாகத் திரும்பத் திரும்பப் பாடினால் அது நிரவல். 'ச ரி க ம' என்று ஸ்வரங்களாகக் கோத்துப் பாடகரும் வயலினும் மாறி மாறிப் போட்டி போட்டால் அது கல்பனாஸ்வரம். மெயின் பாட்டு என்பார்களே, அதில் இவை எல்லாமே இருக்கும். தோடி, கல்யாணி, காம்போதி, பைரவி, சங்கராபரணம், கரஹரப்பிரியா என்று பெரிய ராகங்களில் ஒன்றாக அது இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆறையும் முன்கூட்டியே யூடியூபில் கொஞ்சம் காதில் போட்டுக்கொண்டு போனால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

எதுவுமே பிடிபடவில்லை என்றால் தாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாட்டுகள் ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அதோடு நாலு. மறுபடி ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு, எட்டு ஆயிற்று. பாடகரின் கையைப் பார்த்துக்கொண்டே இதைப் போட்டு வாருங்கள். மெதுவான பாட்டில் அவர் ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டு தடவை தட்டுவார், கலங்க வேண்டாம், அதே எட்டுதான். பக்கத்தில் இருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள், அதில் சிலர் தப்பாகவும்.

தாளம் கைக்கு வந்துவிட்டால் தனி ஆவர்த்தனம் என்னும் பகுதி உங்களுக்குத் திறந்துவிடும். மெயின் பாட்டின் முடிவில் பாடகர் நிறுத்திக்கொள்ள, மிருதங்கமும் கடமும் மட்டும் மாறி மாறி வாசிக்கும். முதலில் ஆளுக்கு நீளமான ஒரு சுற்று, பிறகு அதைக் குறைத்து எட்டு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று ஓர் ஆவர்த்தனம்), நாலு, இரண்டு, ஒன்று என்று இறங்கி, கடைசியில் இருவரும் சேர்ந்துகொள்வார்கள். ஒரே கோர்வையை, அதாவது கணக்காகக் கோத்த முடிவுச் சொற்கட்டை, மூன்று தடவை வாசிப்பார்கள், மூன்றாவது தடவை அது முடியும் புள்ளியில் பாடகர் சரியாகப் பாட்டை எடுப்பார். கையில் எட்டை விடாமல் எண்ணிக்கொண்டு வந்தவருக்கு அந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும். ஆனால் சென்னையில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் காலியாகும். எல்லாம் கேன்டீனுக்கும் கழிவறைக்கும் படையெடுப்புத்தான். வாசிப்பவரைப் பார்த்தபடியே எழுந்து போகிறார்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பழைய ரசிகர்களிடமிருந்து கற்றுக்கொள்ளாதீர்கள்.

சில கச்சேரிகளில் ராகம் தானம் பல்லவி இருக்கும், ஒரு ராகத்தை விரித்து, தானம் பாடி, ஒரே வரியை வைத்து விரிவாகப் பாடும் பகுதி அது. முதல் தடவை அது நீளமாகத் தெரியலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வரும் துக்கடாக்கள், அதாவது சின்னப் பாட்டுகளும் விருத்தமும் தில்லானாவும், எல்லோருக்கும் பிடித்த பகுதி. சௌராஷ்டிர ராகத்தில் தியாகராஜரின் மங்களம் கேட்டால் முடிந்தது என்று அர்த்தம்.

என்ன ராகம் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால் பாட்டு முடிந்ததும் பக்கத்தில் மெல்லக் கேளுங்கள். "மாமி, இது என்ன ராகம்?" என்றால் போதும், ராகத்தோடு அது யார் யார் எந்த வருஷம் எப்படிப் பாடினார்கள் என்பது வரை வந்துவிடும். நடுவில் நிறுத்துவதுதான் கஷ்டம்.

கேன்டீன்

இதற்கு டிக்கெட் வேண்டாம். கச்சேரிக்கே போகாமல் சாப்பிட மட்டும் சபாவுக்கு வருகிறவர்கள் ஏராளம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஒவ்வொரு சபாவும் சீசனுக்கு ஒரு சமையல் கான்டிராக்டரை அமர்த்தும். வருஷத்துக்கு வருஷம் ஆள் மாறலாம் என்பதால் 'இந்தச் சபாவில்தான் நல்லா இருக்கும்' என்று போன வருஷத்துக் கதையை நம்பிப் போகாதீர்கள், இந்த வருஷம் யார் என்று விசாரியுங்கள். மத்தியானம் இலைச் சாப்பாடு. ஒன்றரை மணிக்குப் போனால் உட்கார்ந்திருப்பவர் பின்னால் அடுத்தவர் நிற்பார், பன்னிரண்டுக்கே போய்விடுவது புத்திசாலித்தனம். மாலை டிபனில் ரவா தோசை, அடை அவியல், கீரை வடை, அசோகா அல்வா, அப்புறம் காபி. டோக்கன் முதலில், இடம் பிறகு. நாலு மணிக் கச்சேரி முடிந்து மாலைக் கச்சேரி தொடங்குவதற்கு முன்னால் ஓர் அலை வரும். அதற்குக் கால் மணி முன்னால் போய்விட்டால் தோசை சூடாகக் கிடைக்கும்.

சபாவுக்கு வெளியே

சீசன் என்றால் சபா மட்டும் இல்லை. மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் போனால் பஜனைக் கோஷ்டியைப் பார்க்கலாம். பாபநாசம் சிவன் பாடிக்கொண்டு சுற்றி வந்த வீதிகள் அவை. ஆறு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். கோயில் வாசலில் பொங்கலும் கிடைக்கலாம்.

நாட்டியம் பார்க்க விரும்புகிறவர்கள் டிசம்பர்க் கடைசியில் கிருஷ்ண கான சபாவின் நாட்டியக் கலை மாநாட்டுக்கும், ஜனவரி முதல் வாரத்தில் மியூசிக் அகாடமியின் நாட்டிய விழாவுக்கும் போகலாம். ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா திருவான்மியூரில் தன் விழாவை டிசம்பர்க் கடைசியில் நடத்தும். கேரளக் கோயில்களின் நாட்டிய அரங்கான கூத்தம்பலத்தின் பாணியில் கட்டிய அரங்கம் அது. நிகழ்ச்சியைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் மரங்களுக்கிடையே நடந்துவிட்டு உள்ளே போங்கள்.

சபா இசை ஒரு சில வட்டாரங்களுக்கும் ஒரு சில சாதியினருக்கும் உரியதாகவே இருக்கிறது என்ற விமர்சனம் வெகு நாளாக உண்டு, அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் 2015-இல் பெசன்ட் நகர் பக்கத்து ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கடற்கரையிலேயே விழா நடத்தியது அதற்கு ஒரு பதில். பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னை சங்கமம் இன்னொரு வகை. 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023-இல் மறுபடி வந்தது. பூங்காக்களிலும் திறந்த வெளிகளிலும் பறை, கரகம், தேவராட்டம், தெருக்கூத்து, எல்லாம் இலவசம். பறை அடிக்கும் இடத்தில் கைகட்டி நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆடத் தோன்றினால் ஆடலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சபாவைவிட இதுதான் சரி. அதே ஜனவரியில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி மயிலாப்பூர் விழா, வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சியும் அந்த நாட்களில்தான் நடக்கும், நந்தனம் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம்.

பெரும்பாலும் ஜனவரியில் வரும் தியாகராஜர் ஆராதனைக்காகப் பாடகர்களில் பலர் திருவையாற்றுக்குக் கிளம்பிவிடுவார்கள். காவிரிக் கரையில் எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்தினம் என்னும் அவருடைய ஐந்து கீர்த்தனைகளைப் பாடுவதைக் கேட்க உங்களுக்கும் போக ஆசை என்றால், தேதி திதிப்படி வருஷா வருஷம் மாறும் என்பதால் பஞ்சாங்கத்தைப் பார்த்து, தஞ்சாவூருக்கு ரயில் டிக்கெட்டை டிசம்பரிலேயே எடுத்துவிடுங்கள். பொங்கல் கூட்டத்தில் கடைசி நேரத்தில் கிடைக்காது. சென்னையிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: சபாக்கள் சீசனோடு மூடிவிடுவதில்லை. மற்ற மாதங்களிலும் மாலைகளில் கச்சேரி உண்டு, கூட்டம் குறைவு, சீசன் கேன்டீன்தான் இருக்காது.